பொங்கல் பானையும் அடைத்த வென்டிலேட்டரும்: லடாக்கில் ஓர் ஒற்றை அறைக் குடித்தனம்

பின்னணி

லே நகரத்திலிருந்து சிந்து நதியை ஒட்டித் தென்கிழக்கே போனால் நியோமா வட்டாரம் வரும். உயரம் 4,100 மீட்டருக்கு மேல். அங்கே ஓர் அரசு அலுவலகத்தின் சிறு கிளையில் இரண்டு குளிர்காலம் வேலை பார்த்துவிட்டு, லேயில் உள்ள அலுவலகத்துக்கு மாறினேன். எனக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவரும் தமிழ்நாட்டுக்காரர், விருதுநகர்ப் பக்கம். அந்த ஊருக்கு யாரும் குடும்பத்தை அழைத்துவருவதில்லை. இவர் அழைத்துவந்தார். மனைவிக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். திருமணமாகி ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது; அதில் பாதி பிரிந்தே கழிந்துவிட்டது, இனி முடியாது என்பது அவர்கள் வாதம். நியாயம்தான்.

அந்தக் குளிர்காலத்தில், காற்றுப்போக்கு இல்லாத அறையில் அவர்களுக்கு நேர்ந்த ஆபத்தை இருவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள். அந்தப் பெண்ணின் சமையல் நோட்டு, சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டி, அவர்களோடு பேசியது, நேரில் போய்ப் பார்த்தது இவைதான் ஆதாரம். எனக்கும் இதில் பங்குண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குடியிருப்பு என்பது ஓர் அறை: 10 அடிக்கு 13 அடி. இரண்டு தகரத் தகடுகளுக்கு நடுவே நுரைப்பஞ்சு அடைத்த பலகைச் சுவர். தெற்கே ஒரு கதவு, ஒரு ஜன்னல். கதவுக்கு வெளியே 4 அடிக்கு 7 அடியில் கண்ணாடித் தடுப்பு. வெயில் அடிக்கும் நேரத்தில் வெளியே உறைகுளிர் என்றாலும் அதற்குள் சட்டையோடு உட்காரலாம். அறையின் நடுவில் மண்ணெண்ணெய் புகாரி, அதாவது அறையைச் சூடாக்கும் கணப்பு. அதன் புகைக்குழாய் கூரை வழியாக வெளியேறும். வடக்குச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்தில் அடுப்பு மேடை. மேடைக்கு மேலே, கூரைக்கு ஒரு சாண் கீழே, ஒரு வென்டிலேட்டர்.

அந்த வென்டிலேட்டரை அடைத்தவன் நான். என் முதல் டிசம்பரில் அதன் வழியாக இரவு முழுவதும் காற்று ஊளையிட்டது. பிஸ்கட் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து நான்காக மடித்துச் செருகி, மேலே பழுப்பு டேப் ஒட்டினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம் எளிது: நான் அலுவலக மெஸ்ஸில் சாப்பிட்டவன். அறையில் சமைத்ததே இல்லை. அடுப்பு மேடையில் என் பூட்ஸும் பழைய செய்தித்தாளும்தான் இருந்தன. சாவியைக் கொடுத்தபோது கட்டில் 2, மேசை 1, புகாரி 1 என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கினேன். அட்டையைப் பற்றி நினைவே வரவில்லை.

அக்டோபர், நவம்பர்: எதுவும் வேகாத சமையலறை

இருவரும் லேயில் ஐந்து நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் மேலே போனார்கள். முதல் மூன்று நாள் லேசான தலைவலி, தூக்கமின்மை. பிறகு சரியாகிவிட்டது. பின்னால் இந்த விவரம் முக்கியமாகிறது.

சமையல் வேறு கதை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம். தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்ப்பவருக்கு நம்பிக்கை வரும். உள்ளே அரிசிக்கு அந்தச் சூடு போதாது. நோட்டின் முதல் பக்கத்தில் அவர் எழுதியிருப்பது: "பொன்னி, திறந்த பாத்திரம், 50 நிமிடம். வெளியே குழைவு, நடுவில் சுண்ணாம்புப் புள்ளி." பிரஷர் குக்கர் கைகொடுத்தது, ஆனால் ஊரில் கொடுத்த அளவுக்கு இல்லை. குக்கரின் வெயிட் வெளிக்காற்றுக்கு மேல் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தைத்தான் கூட்டும். வெளிக்காற்றே இளைத்திருந்தால் மொத்தமும் குறைவு. ஊரில் 120 டிகிரியைத் தொடும் குக்கர் அங்கே 114க்குப் பக்கத்தில் நின்றுவிடும். துவரம்பருப்புக்கு ஊரில் நான்கு விசில். அங்கே ஒன்பது, பத்து. கொண்டைக்கடலையின் எதிரே அவர் ஒரு எண்ணை எழுதி, அடித்து, இன்னொன்றை எழுதி, அதையும் அடித்து, "வேண்டாம்" என்று முடித்திருக்கிறார்.

மாவு புளிக்கவில்லை. முதல் முறை மூன்று நாள் காத்திருந்து, அரைத்தது அரைத்தபடியே இருந்ததைத் தோசையாக வார்த்துத் தின்றார்கள். பிறகு பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, நடுவே வெந்நீர்ப் பை வைத்து, இரவில் இருவருக்கும் இடையில் குழந்தைபோலப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். லேசாகப் பொங்கியது. "தொட்டில் மட்டும்தான் பாக்கி" என்று கணவர் போனில் சொன்னார்.

நவம்பர் கடைசியில் தேங்காயெண்ணெய் சுத்தியலால் உடைக்கும் பதத்துக்கு வந்தது. வெங்காயம் உறைந்து, உருகியபின் கொழகொழவென்றானது. உருளைக்கிழங்கு இனித்தது, கடுங்குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. தாக்குப்பிடித்தவை ஊரிலிருந்து வந்த சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல், கூழ்வடகம், பருப்புப்பொடி. பக்கத்து வீட்டு மூதாட்டி (ஊரே அவரை ஆமா-லே என்றுதான் அழைக்கும், மரியாதையோடு அம்மா என்பது பொருள்) அந்த வற்றலை முகர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, தன் வீட்டிலிருந்து காயவைத்த கீரையும் டர்னிப் துண்டும் கொண்டுவந்து காட்டினாராம். இரண்டு சமையலறைகளுக்கும் பொதுமொழி வற்றல்தான்.

தண்ணீர் வாரம் இருமுறை லாரியில். இருபது லிட்டர் கேன் ஆறு. இரவில் எல்லாம் அறைக்குள்ளே, இல்லையென்றால் காலையில் பனிக்கட்டி. ஆக 130 சதுர அடியில் இரண்டு பேர், ஒரு புகாரி, ஆறு கேன், ஒரு கேஸ் சிலிண்டர், உலரவைக்கும் துணி. மின்சாரம் மாலையில் சில மணி நேரம். மின்னழுத்தம் இறங்காத நாளில்தான் இண்டக்ஷன் அடுப்பு ஓடும்.

கேஸ் செலவு எகிறியது. ஊரில் ஒன்றரை மாதம் வரும் சிலிண்டர் அங்கே 19 நாளில் தீர்ந்தது. அடுப்பு எத்தனை மணி நேரம் கூடுதலாக எரிந்தது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு வேண்டாம். அப்போது அதை எல்லோரும் செலவாக மட்டுமே பார்த்தோம்.

டிசம்பர்: தலைவலிக்கு மூன்று காரணங்கள்

டிசம்பர் முதல் வாரம் கதவின் உள்பக்கம் கனத்த கம்பளம் ஒன்றைத் தொங்கவிட்டார்கள். ஜன்னல் விளிம்புகளில் டேப். சமைக்கும் நீராவி தகரச் சுவரில் படிந்து, இரவில் உறைபனியாகி, காலையில் புகாரி பற்றவைத்ததும் படுக்கையில் சொட்டியது. அறை எவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தது என்பதற்கு அந்தச் சொட்டே சாட்சி.

இரண்டாவது வாரத்தில் அந்தப் பெண்ணுக்குத் தலைவலி வந்தது. நெற்றியை இறுக்கும் வலி, குமட்டல், கால் ஓய்ந்துபோதல். கணவருக்கும் மாலையில் லேசாக இருந்தது. அலுவலகம் போனால் விட்டுவிடும்.

உயரம்தான் காரணம் என்று கணவர் சொன்னார். நானும் போனில் அதையே சொன்னேன். உயரநோய்க்கென்று லேயில் வாங்கிவைத்த அசிட்டசோலமைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தார்கள், 87, 88. அந்த உயரத்துக்கு அது சரியான எண் என்பதால் நிம்மதியானார்கள்.

தஞ்சாவூரில் இருந்த தாயாரும் விருதுநகரில் இருந்த மாமியாரும் வேறொரு முடிவுக்கு வந்தார்கள். புதுப்பெண், காலையில் குமட்டல், தலைசுற்றல். "நாள் தள்ளிப்போயிருக்கிறதா?" என்று தினமும் கேள்வி. பரிசோதனைப் பட்டையில் ஒரு கோடுதான் வந்தது. "சில பேருக்குத் தாமதமாகத்தான் தெரியும்" என்று பத்து நாள் அந்த நம்பிக்கையிலேயே கழிந்தது. ஊரிலிருந்து வேறொரு ஆலோசனையும் வந்தது: எண்ணெயை மாற்று.

மூன்று விளக்கமும் பொருந்துவதுபோல இருந்ததுதான் சிக்கல். உயரநோய் பற்றிக் கேள்விப்பட்ட எவருக்கும் லடாக்கில் தலைவலி என்றால் வேறு காரணம் தோன்றாது. ஆனால் உயரநோய் ஏறிய முதல் ஒன்றிரண்டு நாளில் வருவது, பழகியபின் விலகுவது. ஒரே இடத்தில் ஏழு வாரம் நலமாக இருந்த ஆளுக்கு எட்டாவது வாரத்தில் புதிதாகத் தொடங்காது. இதை நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த நேரத்திலேயே கண்ணெதிரே இருந்த இன்னொன்று: பாத்திரத்தின் அடி. குக்கர், தோசைக்கல், பால் சட்டி எல்லாம் அடியில் கரி பூசிக்கொண்டன. நோட்டில் டிசம்பர் 19க்கு நேரே, சாம்பார்க் குறிப்புக்குக் கீழே ஒரு வரி: "அடி எல்லாம் விறகடுப்பில் வைத்ததுபோல. கேஸ் கலப்படமா? சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும்." சுடரின் நுனி மஞ்சளாக ஆடியதையும் அவர் பார்த்திருக்கிறார். பார்ப்பதற்கு அழகாக இருந்ததாம்.

தைப்பொங்கல் காலை

அன்று வெளியே உறைநிலைக்கு இருபது டிகிரிக்கும் கீழே, காற்று வேறு. வாசலில் வைக்கும் பொங்கலை அறைக்குள் வைப்பதென்று முதல்நாளே முடிவு. அம்மா வீட்டிலிருந்து துணி மூட்டைக்குள் பொதிந்து கொண்டுவந்த சிறிய வெண்கலப் பானை. அதன் கழுத்தில் கட்ட மஞ்சள் கொத்து கிடைக்காததால் காய்ந்த மஞ்சள் கிழங்கு ஒன்றை நூலில் கோத்துக் கட்டினார். குக்கரில் வைத்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். ஆனால் குக்கரில் வைத்தால் பொங்கி வழியாது. வழியாவிட்டால் அது பொங்கல் இல்லை. இந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அதையே செய்திருப்பேன்.

ஐந்தரைக்குப் புகாரி. ஆறு மணிக்கு அடுப்பின் இரண்டு பர்னரும்: ஒன்றில் பானை, மற்றொன்றில் வடைக்கும் சாம்பாருக்கும் வேண்டிய வேலைகள். பால் வேகமாகப் பொங்கி வழிந்தது. குறைந்த சூட்டில் கொதிப்பதால் அது அங்கே சீக்கிரம் நடக்கும். இருவரும் குலவையிட்டார்கள், வீடியோ அழைப்பில் ஊரும் சேர்ந்துகொண்டது. பிறகு அரிசியும் பாசிப்பருப்பும் போட்டார். ஏழு மணிக்கு எடுத்து நசுக்கினால் நறுக்கென்றது. ஏழரைக்கும் அப்படியே. வெல்லம் சேர்த்தால் அதன்பின் அரிசி வேகாது என்பதால் காத்திருந்தார். எட்டு மணி நெருங்கும்போதும் சுடர் முழு வேகத்தில் எரிந்துகொண்டிருந்தது.

கணவர் கட்டிலில் உட்கார்ந்தவர் எழவில்லை. விரதம் இருந்ததால் கால் கனக்கிறது என்று நினைத்தாராம். மனைவி ஏலக்காய் எடுக்க அலமாரியை நோக்கித் திரும்பினார். முழங்கால் மடிந்து அப்படியே சரிந்தார். கையில் இருந்த கரண்டி சிலிண்டரில் மோதிய சத்தம்தான் கணவரை எழுப்பியது. கதவருகே போய்க் கம்பளத்தை விலக்க அவருக்கு இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. கை எங்கோ இருந்தது, தாழ்ப்பாள் எங்கோ இருந்தது என்று பிறகு சொன்னார்.

பால் வாங்கப் போய்க்கொண்டிருந்த ஆமா-லே, அந்தக் குளிரில் கதவு ஆவென்று திறந்துகிடப்பதைப் பார்த்து உள்ளே வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. முதலில் சிலிண்டரை மூடினார், பிறகு அந்தப் பெண்ணை அக்குளில் கைகொடுத்துக் கண்ணாடித் தடுப்புக்கு இழுத்து, அதன் கதவையும் திறந்துவிட்டார். எழுபது வயது இருக்கும் அவருக்கு.

அலுவலக ஜீப்பில் ஆரம்ப சுகாதார நிலையம் போய்ச் சேர்ந்தபோது மனைவிக்கு நினைவு இருந்தது; வாந்தி, தாங்க முடியாத தலைவலி. ஆக்சிமீட்டர் 90 காட்டியது, வழக்கத்தைவிடக் கூடுதலாக. "ஆக்சிஜன் நன்றாகத்தான் இருக்கிறது" என்று கணவர் சொன்னதை அங்கிருந்த மருத்துவ ஊழியர் காதில் வாங்கவே இல்லை. முகமூடியை மாட்டி ஆக்சிஜனைத் திறந்துவிட்டபின் அவர் கேட்டது: "எங்கே சமைக்கிறீர்கள்? எங்கே தூங்குகிறீர்கள்?" இரண்டுக்கும் ஒரே விடை. குளிர்காலந்தோறும் புகாரியால் இப்படி யாராவது வருவார்கள் என்றார். மதியத்துக்குள் இருவரும் தெளிந்தார்கள்.

சந்தேகம் கார்பன் மோனாக்சைடின் மேல், எரிபொருள் அரைகுறையாக எரியும்போது பிறக்கும் நச்சுவாயு. அங்கே இரத்தத்தில் அதை அளக்கும் வசதி இல்லை. மறுநாள் லேயில் மருத்துவர் பார்த்தபோது அளந்து பயனில்லாத அளவுக்கு நேரமாகிவிட்டது. ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும் வாயு அது. ஆகவே இது சூழ்நிலைச் சான்றுகளால் எட்டிய முடிவு. ஆய்வுக்கூடம் உறுதிப்படுத்தியது அல்ல.

என்ன நடந்தது என்று தேடியது

நாலாம் நாள் நான் லேயிலிருந்து போனேன். அறைக்குள் நுழைந்து மேலே பார்த்ததும் என் டேப் தெரிந்தது. அட்டையைப் பிடுங்கினேன், உள்பக்கம் பிசுபிசுவென்று எண்ணெய்ப் பிசுக்கும் கரியும். "அண்ணா, அங்கே ஓட்டை இருக்கிறதா? நான் அதைச் சுவர் என்றல்லவா நினைத்தேன்" என்றார் அந்தப் பெண்.

நாட்காட்டி பிறகுதான் கண்ணில் பட்டது. தலைவலி வந்த நாட்களின் தாள்களை வீசாமல் வைத்து, ராகுகாலத்துக்குப் பக்கத்தில் பேனாவால் புள்ளி வைத்திருந்தார். கர்ப்பக் கணக்குக்காகத் தொடங்கியதாம். தாள்களைக் கட்டிலில் பரப்பிச் சமையல் நோட்டோடு ஒப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றிலும் புள்ளி, சிலவற்றில் இரண்டு. அன்று இருவரும் நாள் முழுக்க அறையில், விதவிதமாகச் சமையல். மின்சாரம் சீராக வந்து இண்டக்ஷனில் சமைத்த ஐந்து நாளில் ஒரு புள்ளியும் இல்லை. லேக்குப் போய்த் தங்கிய இரண்டு நாளும் சுத்தம். டிசம்பரில் யாராவது இந்தத் தாள்களை ஒருமுறை பரப்பியிருந்தால் போதும்.

ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திப் புகாரியின் காற்றுவாயருகே பிடித்தோம். அறைக் கதவு திறந்திருந்தபோது புகையை அது சர்ரென்று உள்ளே இழுத்தது. கதவையும் கம்பளத்தையும் மூடி, அட்டையை மறுபடி செருகியபின் புகை தயங்கி நின்றது. ஒரு கட்டத்தில் எங்கள் பக்கமே திரும்பியது. புகைக்குழாய் வேலை செய்ய வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். வர வழியில்லாத அறையில் புகாரியும் அடுப்பும் ஒரே காற்றுக்குப் போட்டி போட்டன.

அடுப்பின் குறை தனி. சமவெளிக்கென்று செய்த பர்னர் அது. ஜெட் எனும் நுண்துளை வழியே வரும் கேஸ் பெரிதாகக் குறைவதில்லை. கூடவே இழுத்துக்கொள்ளும் காற்றோ அந்த உயரத்தில் மெலிந்தது. கேஸ் முழுதாக எரியாமல் மஞ்சள் சுடர், கரி, கார்பன் மோனாக்சைடு மூன்றும் ஒன்றாகப் பிறக்கின்றன. நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. விஷம் ஏறிய இரத்தத்தையும் நல்ல இரத்தமாகவே எண்ணும். அந்த 90 அப்படி வந்ததுதான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நண்பர் தில்லியிலிருந்து கார்பன் மோனாக்சைடு அலாரம் கொண்டுவந்தார். பழைய நிலைமையை அப்படியே ஏற்படுத்தினோம்: அட்டை, கம்பளம், இரண்டு பர்னரிலும் தண்ணீர்ப் பாத்திரம். எல்லோரும் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தோம். 22ஆவது நிமிடத்தில் கத்தியது. இவ்வகை அலாரங்கள் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவில் 10 முதல் 40 நிமிடத்துக்குள் ஒலிக்குமாறு அமைக்கப்படுபவை. பொங்கலன்று இரண்டு மணி நேரம் எரிந்தது. வென்டிலேட்டரைத் திறந்து, கதவடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டுச் செய்தபோது ஒரு மணி நேரமும் மௌனம்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் விலையும்

முதல் முடிவு அன்றே: வென்டிலேட்டர் இனி மூடப்படாது. அறையின் சூடு குறைந்தது. இரவில் ஒரு கம்பளி கூடியது. படுக்கையில் சொட்டுவது நின்றது, அது எதிர்பாராத லாபம்.

அடுப்பையும் சிலிண்டரையும் கண்ணாடித் தடுப்புக்கு மாற்றலாமா என்பதில்தான் விவாதம் நீண்டது. நான் மாற்றச் சொன்னேன். அந்தப் பெண் உடனே ஒப்பவில்லை. காலை ஆறு மணிக்கு அங்கே நின்று காபி போட முடியாது, கை விறைத்துவிடும் என்றார். கேஸ் வராது என்பது அவருடைய இரண்டாவது வாதம். அதில் பாதி உண்மை இருந்தது. சிலிண்டரில் உள்ள கலவையில் புரொப்பேன் கடுங்குளிரிலும் ஆவியாகும். பியூட்டேன் கடல்மட்டத்தில் பூச்சியத்துக்கு அரை டிகிரி கீழேயே நின்றுவிடும், அந்த உயரத்தில் இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி தாங்கும், அவ்வளவுதான். புரொப்பேன் முதலில் தீர்ந்தபின் சிலிண்டரை ஆட்டினால் சளக் சளக்கென்று பாதி இருக்கும், அடுப்போ மினுக்கும். கடைசியில் சமையலை வெயிலுக்கு மாற்றினார்கள். பகல் பதினொன்று முதல் மூன்றுவரை தடுப்பு கதகதப்பாக இருக்கும். அன்றைய இரவுக்கும் மறுநாள் காலைக்கும் சேர்த்து அப்போதே சமையல். அலுவலக மதிய உணவு இடைவேளையில் கணவரும் வந்து நறுக்கிக் கொடுத்தார். இரவில் சிலிண்டருக்குக் கம்பளிப் போர்வை. காலையில் கை பொறுக்கும் வெந்நீரில் நனைத்த துணி. சிலிண்டருக்குச் சூடேற்ற நெருப்பை அருகே கொண்டுபோகும் வழக்கம் அந்தப் பக்கத்தில் உண்டு. அதற்கு இவர்கள் இடம் கொடுக்கவில்லை.

ராணுவ சமையற்கூட அடுப்புகளைப் பழுதுபார்த்துப் பழகிய ஒருவர் வந்து, ஜெட்டைச் சிறியதாக மாற்றி, பர்னரின் காற்றுத் தகட்டை முழுக்கத் திறந்தார். சுடர் நீலமானது. எரியும் வேகம் குறைந்தது. பாத்திரத்தின் அடி வெள்ளையாகவே இருந்தது.

பெரிய மாற்றம் சமையல் முறையில். எரியும் நேரத்தைக் குறைப்பதே குறி. பருப்பையும் கடலையையும் முதல்நாள் இரவே ஃபிளாஸ்க் வெந்நீரில் ஊறப்போட்டார். குக்கரில் மூன்று விசில் வந்ததும் இறக்கி, பழைய மரப்பெட்டியில் செம்மறிக் கம்பளி அடைத்து அதற்குள் வைத்து மூடினார்; ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் துவரம்பருப்பு மசியும். ஆமா-லேயிடம் ஸ்க்யூ கற்றுக்கொண்டார்: கோதுமை மாவைக் கட்டைவிரலால் சிறு கிண்ணம்போல அழுத்தி, கிழங்குகளோடு ஒரே பாத்திரத்தில் கொதிக்கவிடுவது. 86 டிகிரியில் வேக மறுக்காத உணவு. அதில் அவர் பெருங்காயமும் மணத்தக்காளி வற்றலும் சேர்த்தார். ஆமா-லே இரண்டாம் முறை கேட்டு வாங்கினார் என்பது நோட்டில் அடிக்கோடிட்டு இருக்கிறது.

பின்விளைவு

இந்த வாயு ஏறியவர்களில் சிலருக்கு வாரக்கணக்கில் கழித்து மறதி, தடுமாற்றம் வரலாம் என்று லே மருத்துவர் எச்சரித்திருந்தார். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தார். இருவரிடமும் ஒன்றும் இல்லை. ஜனவரி 20க்குப் பிறகு நாட்காட்டியில் புள்ளி இல்லை, ஒன்றைத் தவிர. பிப்ரவரி நடுவில் இரண்டு நாள் பனிப்புயல். தடுப்பில் நிற்க முடியாமல் அடுப்பை உள்ளே கொண்டுவந்தார்கள். வென்டிலேட்டர் வாயை வெளிப்பக்கம் பனி மூடியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அலாரம் ஒலித்தது. அடுப்பை அணைத்துவிட்டு அன்றிரவு சத்துமாவைச் சுடுநீரில் கரைத்துக் குடித்துப் படுத்தார்கள்.

சிலிண்டர் 33 நாள் வந்தது. தாயாருக்கும் மாமியாருக்கும் நடந்ததை முழுதாகச் சொல்லவில்லை. "வாயுக் கோளாறு" என்றார்களாம். பொய்யும் இல்லை.

எதை வேறுவிதமாகச் செய்திருக்க வேண்டும்

என்னிடமிருந்து தொடங்குகிறேன். அடைத்தவன் சொல்லியிருக்க வேண்டும். ஒப்படைப்புப் பட்டியலில் பொருட்கள்தான் இருந்தன, அறையின் நிலை இல்லை. இப்போது அந்தப் படிவத்தில் வென்டிலேட்டர், புகைக்குழாய் இணைப்பு, அடுப்புச் சுடரின் நிறம் மூன்றுக்கும் இடம் சேர்த்திருக்கிறோம். இன்னொரு தவறும் என்னுடையது: கணவன் மனைவி இருவருக்கும் ஒரே தலைவலி, வீட்டைவிட்டுப் போனால் தீருகிறது என்று போனில் கேட்டபின்னும் உயரம் என்று சொல்லி வைத்தேன்.

மூடிய அறையில் சமைப்பவர் ஆக்சிமீட்டரை நம்பக் கூடாது. வாங்க வேண்டியது அலாரம். பொங்கலைப் பொறுத்தவரை, பாலைப் பானையில் பொங்கவிட்டு அரிசியைக் குக்கரில் முடிக்கலாம் என்பது அந்தப் பெண்ணின் யோசனை. சடங்கும் நடக்கும், அடுப்பும் இருபது நிமிடத்தில் அணையும். அடுத்த தையில் அப்படித்தான் செய்தார்கள், தடுப்பில், வெயில் ஏறியபின். எனக்கு இன்னும் நெருடுவது குடியிருப்பின் அமைப்பு: தனி ஆளுக்கென்று கட்டிய அறையில் அடுப்பு மேடை வைத்தவர்கள், அங்கே யாராவது உண்மையிலேயே சமைப்பார்கள் என்று நினைத்ததாகத் தெரியவில்லை. கண்ணாடித் தடுப்பை இரண்டடி அகலப்படுத்தி மேடையை அங்கே கட்டித் தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை.

அந்த இரண்டாவது பொங்கலுக்குப் பின் வந்த ஜூனில் அவர்கள் மாற்றலாகிப் போனார்கள். போகும் முன் கணவர் வென்டிலேட்டருக்குள் நான்கங்குலக் குழாய் ஒன்றைச் செருகி, வெளிமுனையைப் பனி மூடாதபடி கீழ்நோக்கி வளைத்து, கம்பி கட்டி இறுக்கினார். அடுத்து வந்தவர் தனியாள், மெஸ்ஸில் சாப்பிடுபவர். நவம்பரில் எனக்குப் போன் செய்து அவர் கேட்டது: "சார், இந்தக் குழாய் வழியாகக் காற்று ஊளையிடுகிறது. அடைத்துக்கொள்ளட்டுமா?"